காற்றாலைக்கு வீசும் காற்று கம்பிக்கும் வீசத்தானே செய்கிறது? (டைனமிக் லைன் ரேட்டிங் பற்றி)

ஆரல்காற்று · ஜூலை 19, இரவு 9.10

ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். நேற்று நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

மதியம் இரண்டு மணி. மெஷின் உச்சியில் காற்று விநாடிக்கு 11 மீட்டர். கீழே நின்றால் சட்டைக் காலர் கன்னத்தில் அடித்துக்கொண்டே இருக்கும், பக்கத்தில் நிற்பவரிடம் பேசக் கத்த வேண்டும். அப்போது துணைமின்நிலையத்திலிருந்து போன் வருகிறது. லைன் வரம்பைத் தொட்டுவிட்டது, உற்பத்தியைக் குறையுங்கள் என்கிறார்கள். ஒவ்வொரு மெஷினாக இறக்கையைத் திருப்பி நிறுத்தினோம். வருடத்தில் நான்கைந்து மாதம்தான் எங்களுக்குச் சீசன். அதில் நல்ல காற்று நாள் ஒன்று இப்படிப் போனது.

அந்த 'வரம்பு' எங்கிருந்து வருகிறது என்று இரவு உட்கார்ந்து தேடினேன். மத்திய மின்சார ஆணையத்தின் திட்டமிடல் கையேட்டில், கம்பி எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதற்கு அட்டவணை இருக்கிறது. உச்சி வெயில், 40 அல்லது 45 டிகிரி வெப்பம், காற்று மணிக்கு 2 கிலோமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். மணிக்கு 2 கிலோமீட்டர் என்றால் ஊதுபத்திப் புகை லேசாகச் சாயும், அவ்வளவுதான்.

எங்கள் மெஷின் சுற்ற ஆரம்பிக்கவே விநாடிக்கு 3 மீட்டர், அதாவது மணிக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல் காற்று வேண்டும். அப்படியானால் நாங்கள் மின்சாரம் அனுப்பும் எந்த நேரத்திலும் இங்கே காற்று அந்தக் கணக்கில் இருப்பதைவிடப் பல மடங்கு இருக்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊரில், கம்பி மட்டும் புழுக்கத்தில் கிடப்பதாக வைத்து வரம்பு போடுவது சரியா? வெளிநாட்டில் வானிலையைப் பார்த்து மணிக்கு மணி வரம்பை மாற்றுகிறார்கள், அதற்கு டைனமிக் லைன் ரேட்டிங் (டி.எல்.ஆர்.) என்று பெயர் என்று படித்தேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கணக்குமேசை · ஜூலை 19, இரவு 10.45

நல்ல கேள்வி. கம்பிக்கு 'இத்தனை ஆம்பியர்' என்று பிறவியிலேயே ஒரு எண் கிடையாது. அதன் வரம்பு சூடுதான். சூடேறினால் கம்பி நீளும், தொய்வு கூடும், தரைக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளி குறையும். இன்னும் சூடேறினால் அலுமினியம் பலம் இழக்கும்.

கம்பிக்குச் சூடு வரும் வழி இரண்டு: உள்ளே ஓடும் மின்னோட்டம், மேலே அடிக்கும் வெயில். சூடு போகும் வழியும் இரண்டு: காற்று கொண்டுபோவது, கதிர்வீச்சாகப் போவது. வரவும் செலவும் சமமாகும் இடத்தில் கம்பியின் வெப்பநிலை நிற்கும். ஐ.இ.இ.இ. 738 என்ற தரநிலை இந்தக் கணக்கைத்தான் சொல்கிறது, நம் கையேடும் அதே வழியில்தான் போகிறது.

நம்மூர் லைன்களில் எல்லோருக்கும் தெரிந்த 'மூஸ்' என்ற அலுமினியக் கம்பி வகைக்கு (31.77 மி.மீ. விட்டம்) இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். கம்பி 75 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று வைத்துக்கொண்டேன்.

வெளியே 45 டிகிரி, முழு வெயில், மணிக்கு 2 கி.மீ. காற்று கம்பிக்கு 45 பாகை சாய்வாக வருகிறது என்றால் சுமார் 545 ஆம்பியர். இதில் ஒரு விஷயம் எனக்கே வியப்பாக இருந்தது. இந்த நிலையில் ஒரு மீட்டர் கம்பிக்கு வெயில் தரும் சூடு 26 வாட். மின்னோட்டம் தருவது 20 வாட்தான். மின்சாரத்தைவிட வெயில்தான் கம்பியை அதிகம் சுடுகிறது.

மற்றதையெல்லாம் அப்படியே வைத்து, காற்றை மட்டும் விநாடிக்கு 2 மீட்டர் ஆக்கினால் சுமார் 910 ஆம்பியர் வருகிறது. 2 மீட்டர் என்பது ஆரல்வாய்மொழிக்காரர் காற்று என்றே கணக்கில் எடுக்காத காற்று.

காற்றைப் பழையபடி மணிக்கு 2 கி.மீ. என்றே வைத்து, நேரத்தை மட்டும் இரவாக்கிப் பாருங்கள். வெயில் இல்லை, வெளியே 30 டிகிரி. சுமார் 1,005 ஆம்பியர். காற்று கூடாவிட்டாலும் பகல், இரவு வித்தியாசம் மட்டுமே இவ்வளவு கொடுக்கிறது.

என் கணக்கு கம்பிக்கு மட்டும்தான். லைன் என்பது கம்பி மட்டும் இல்லை என்று யாராவது சொல்வார்கள், அது சரிதான்.


பழைய ஏ.இ. · ஜூலை 20, காலை 6.20

நான் சொல்கிறேன் தம்பி. முப்பத்திரண்டு வருடம் லைனிலும் துணைமின்நிலையத்திலும் இருந்து ஓய்வுபெற்றவன். கணக்கு சரி. அதை நம்பிக் கையொப்பம் போடும்முன் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

முதலில் காற்றின் திசை. கம்பிக்குக் குறுக்கே வீசும் காற்றும் கம்பியோடு நீளவாக்கில் ஓடும் காற்றும் ஒன்றில்லை. கணவாய்க்குள் நுழையும் காற்று மேற்கிலிருந்து வருகிறது. வடக்கே திரும்பிப் போகும் லைனுக்கு அது குறுக்கே விழும், நல்லது. கணவாயோடு கிழக்கே போகும் லைனுக்கு அது கம்பியைத் தடவிக்கொண்டு ஓடும். பாலக்காட்டுக் கணவாயிலும் இதே கதைதான். உடுமலை, பல்லடம் பக்கம் கிழமேலாகப் போகும் லைன்களைப் போய்ப் பாருங்கள்.

அடுத்தது இடம். லைன் ஐம்பது கிலோமீட்டர் போகிறது. காற்றாலைக்குப் பக்கத்தில் நான்கு கிலோமீட்டர் பொட்டல், அங்கே காற்று பேயாக அடிக்கும். அப்புறம் மலை மறைவு, தென்னந்தோப்பு, குளத்தங்கரை, ஊர். ஒரே மின்னோட்டம்தான் எல்லா ஸ்பானிலும் (இரண்டு டவருக்கு இடையே தொங்கும் கம்பி) ஓடுகிறது. காற்று ஸ்பானுக்கு ஸ்பான் வேறு. உங்கள் மெஷினில் 80 மீட்டர் உயரத்தில் அளக்கிற காற்றை வைத்து, 15 மீட்டரில் தோப்புக்குள் தொங்கும் கம்பிக்கு வரம்பு சொல்ல முடியாது. லைனின் வரம்பு என்பது அதன் மிக மோசமான ஸ்பானின் வரம்பு.

கடைசியாக இணைப்புகள். ஜம்பர் (இணைப்புக் கம்பி), கிளாம்ப் (அதை இறுக்கும் பிடி), ஐசோலேட்டர், சி.டி. (மின்னோட்டத்தை அளக்க உதவும் கருவி), வேவ் டிராப் என்று லைனின் இரு முனையிலும் எத்தனையோ சாமான் இருக்கிறது. கம்பி 900 ஆம்பியர் தாங்கும், சி.டி. 600-க்கு வாங்கியது என்றால் லைன் 600-தான்.

ஒரு 110 கே.வி. துணைமின்நிலையத்தில் நானே பார்த்தது. சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மோவிஷன் கேமரா எல்லாம் கைக்கு வராத காலம். இரவில் தூறல் விழும்போது யார்டில் நடந்து பார்ப்போம். எல்லாக் கிளாம்பும் நனைந்திருக்கும். ஒன்று மட்டும் நனையாமல், விழுகிற துளியெல்லாம் ஆவியாகிக்கொண்டிருந்தது. அன்றைக்கு லைனில் ஓடியது அதன் வரம்பில் பாதிகூட இல்லை. போல்ட் தளர்ந்து உள்ளே கறுத்துப்போயிருந்தது. உங்கள் 'மணிக்கு மணி' வரம்புப்படி அன்று லோடு ஏற்றியிருந்தால் ஜம்பர் அறுந்து தொங்கியிருக்கும்.

வேண்டாம் என்று சொல்லவில்லை. கம்பிக்கு ஏற்ற ஆசைப்படுவதை முதலில் கிளாம்பிடம் கேட்டுவிட்டு ஏற்றுங்கள்.


கணக்குமேசை · ஜூலை 20, காலை 8.05

ஐயா சொன்ன திசை விஷயத்தைக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். நேற்றைய 910 ஆம்பியர், 2 மீட்டர் காற்று 45 பாகையில் வந்தபோது. அதே காற்று கம்பியோடு நேராக ஓடினால் சுமார் 510. கையேட்டின் நிலைமைக்கு வந்த 545-க்கும் கீழே. காற்று கிட்டத்தட்ட நான்கு மடங்கு இருந்தும், திசை மோசமானதால் வரம்பு குறைகிறது. அதாவது இப்போதைய வரம்பு எல்லா நேரத்திலும் பாதுகாப்பானது என்றும் சொல்ல முடியாது. காற்று அடங்கிய வெயில் மதியத்தில் உண்மையான வரம்பு அட்டவணைக்குக் கீழே இறங்கும் நிமிடங்கள் உண்டு. அளந்தால் அந்த நிமிடங்களும் தெரியவரும். எனக்கு டி.எல்.ஆர். பிடிப்பதற்கு இது பெரிய காரணம்.


தேரிக்காடு · ஜூலை 20, காலை 9.30

டவர் உச்சியில் ஆங்காங்கே காற்றுமானி வைத்துவிட்டால் முடிந்ததே? எத்தனை வைக்க வேண்டும்?


சஸ்குவெஹன்னா கரை · ஜூலை 20, இரவு 7.50

பென்சில்வேனியாவில் மின்தொடரமைப்புத் துறையில் இருக்கிறேன். இங்கே இது பல வருடமாகப் பேசிப் பேசி இப்போதுதான் நடைமுறைக்கு வருகிறது.

யோசனை பழையது. டெட்ராய்ட் எடிசன் நிறுவனத்தில் இருந்த மர்ரே டேவிஸ், லைன் வரம்பை அந்தந்த நேரத்து வானிலைப்படி கணக்கிடும் முறையை 1977-லேயே எழுதிவிட்டார். அன்றைக்கு மலிவான கருவியும் தகவல்தொடர்பும் இல்லை. இங்கிலாந்தில் லிங்கன்ஷயரின் ஸ்கெக்னெஸ்–பாஸ்டன் 132 கே.வி. லைனில் 2000-களின் கடைசியில் செய்தார்கள். கடல் காற்றாலை மின்சாரம் அந்த லைன் வழியாக வெளியேற வேண்டும், லைனோ பழையது. 'காற்றாலை ஓடும்போது கம்பியும் குளிர்கிறது' என்ற உங்கள் வாதமேதான் அங்கேயும் அடிப்படை. பெல்ஜியத்தில் லீஜ் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஆம்பசிமான் கருவியை அந்த நாட்டுத் தொடரமைப்பு நிறுவனமான எலியா தன் லைன்களில் மாட்டியது. இங்கே பி.பி.எல். மின் நிறுவனம் 2022-ல் தன் 230 கே.வி. லைன்களில் கருவி மாட்டி, அது சொல்லும் வரம்பைக் கட்டுப்பாட்டு அறைக்கும் பி.ஜே.எம். என்ற மின்சந்தைக்கும் நேரடியாகக் கொடுக்க ஆரம்பித்தது.

அளக்கும் வழி மூன்று விதம். ஒன்று நீங்கள் சொன்ன காற்றுமானி. அது அந்த ஒரு புள்ளியின் காற்றை மட்டும்தான் சொல்லும். இன்னொன்று, லைனை இழுத்து இறுக்கிக் கட்டியிருக்கும் கட்‌பாயிண்ட் டவரில் இழுவிசையை அளப்பது. அடுத்த கட்‌பாயிண்ட் வரை உள்ள எல்லா ஸ்பானின் சராசரிச் சூடும் அந்த இழுவிசையில் தெரிந்துவிடும். மூன்றாவது, கம்பியிலேயே ஒரு பெட்டியை மாட்டி, கம்பி ஆடும் ஆட்டத்தை வைத்துத் தொய்வைக் கண்டுபிடிப்பது. கம்பியில் ஓடும் மின்சாரத்திலிருந்தே அந்தப் பெட்டி தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும், பேட்டரி மாற்ற ஏற வேண்டியதில்லை.

அமெரிக்காவில் 2021 டிசம்பரில் மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 881 எண்ணிட்ட ஆணையைப் போட்டது. அது காற்றைத் தொடவில்லை. வெளி வெப்பநிலையை மணிக்கு மணி எடுத்து வரம்பை மாற்று, பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் காட்டு என்று மட்டும் சொன்னது. வெப்பநிலை ஐம்பது கிலோமீட்டருக்குள் பெரிதாக மாறாது, முன்கூட்டியும் சொல்லிவிடலாம். காற்று அப்படி இல்லை. நான் சொல்வது, நம்மூரிலும் அங்கிருந்து தொடங்கலாம் என்பதே. கணக்குமேசை சொன்ன இரவு 1,005 ஆம்பியருக்குக் கருவி எதுவும் வேண்டாம், ஒரு வெப்பமானியும் கடிகாரமும் போதும்.


பழைய ஏ.இ. · ஜூலை 21, காலை 5.55

கம்பி ஆடுவதை வைத்துத் தொய்வு கண்டுபிடிக்கிறார்கள் என்று படித்ததும் இரவெல்லாம் ஒரே நினைவு. அதை நாங்கள் கையால் செய்திருக்கிறோம்.

லைன் இழுக்கும்போது தொய்வு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மின்சாரம் ஏற்றாத கம்பி. டவருக்குப் பக்கத்தில் கம்பியின் மேல் ஒரு மெல்லிய கயிற்றைப் போட்டு, ஒரு சுண்டு சுண்டுவோம். அந்த அதிர்வு கம்பி வழியே ஓடி அடுத்த டவரில் மோதித் திரும்பும். கயிற்றைப் பிடித்திருக்கும் கையில் 'டக்' என்று ஒரு இழுப்பு தெரியும். மறுபடி ஓடும், மறுபடி வரும். மூன்று திரும்பல் எண்ணுவோம். பக்கத்தில் ஒருவர் ஸ்டாப்வாட்ச்சோடு நிற்பார்.

ஒரு திரும்பலுக்கு ஆகும் விநாடியைத் தன்னாலேயே பெருக்கி, 0.306-ஆல் பெருக்கினால் தொய்வு மீட்டரில் வந்துவிடும். மூன்று திரும்பலுக்குப் பதினைந்து விநாடி ஆனால், ஒன்றுக்கு ஐந்து. ஐயைந்து இருபத்தைந்து, 0.306-ஆல் பெருக்கினால் ஏழேமுக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஸ்பான் நீளமும் வேண்டாம், கம்பியின் எடையும் வேண்டாம். மூஸாக இருந்தாலும் பாந்தர் என்ற வேறு கம்பியாக இருந்தாலும் ஒரே கணக்கு. எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த ஃபோர்மேனுக்கு இது ஏன் என்று தெரியாது. கை விரலில் அவருக்கு இருந்த நிதானம் எங்கள் யாருக்கும் வரவில்லை.

அதைத்தான் இப்போது ஒரு பெட்டி, காற்றில் கம்பி தானாக ஆடுவதை வைத்து, இரவும் பகலும் செய்கிறது என்றால் அது நம்பக்கூடிய கருவிதான். ஏனென்றால் நமக்குக் கடைசியில் வேண்டியது தொய்வு. 110 கே.வி. கம்பி தரையிலிருந்து 6.1 மீட்டர், 230-க்கு 7 மீட்டர், 400-க்கு 8.8 மீட்டர். இதற்குக் கீழே இறங்கக் கூடாது. கீழே வைக்கோல் ஏற்றிய லாரி போகும், கரும்புக்காட்டில் ஆள் நிற்பார்.


கணக்குமேசை · ஜூலை 21, காலை 7.40

ஐயா, அந்த 0.306 என்பது புவியீர்ப்பு முடுக்கத்தை 32-ஆல் வகுத்தால் வருவது. 9.81-ஐ 32-ஆல் வகுத்துப் பாருங்கள். உங்கள் ஃபோர்மேன் கை பிடித்த கயிறும் அந்தப் பெட்டியும் ஒரே சூத்திரம்.

சூட்டுக்கும் தொய்வுக்கும் உள்ள உறவையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 350 மீட்டர் ஸ்பானில் 9 மீட்டர் தொய்வோடு தொங்கும் மூஸ் கம்பி 10 டிகிரி சூடேறினால், நீளம் 7 சென்டிமீட்டர்கூடக் கூடாது. தொய்வு 40 சென்டிமீட்டர் வரை இறங்கும். நீளத்தில் விரலளவு மாற்றம் நடுவில் முழங்கை அளவாகத் தெரிகிறது.


மின்னியல் மூன்றாமாண்டு · ஜூலை 21, மதியம் 1.15

சார், 2003 அமெரிக்க மின்தடையும் 2012 இந்திய மின்தடையும் லைன் ஓவர்லோடால் வந்தவை என்று வகுப்பில் சொன்னார்கள். டி.எல்.ஆர். இருந்திருந்தால் தடுத்திருக்கலாமா? செமினாருக்கு இந்தத் தலைப்பை எடுக்கலாம் என்றிருக்கிறேன்.


கணக்குமேசை · ஜூலை 21, இரவு 9.25

இரண்டையும் பிரித்துப் பாருங்கள், செமினாருக்கு அதுவே நல்ல பொருளாகும்.

2003 ஆகஸ்ட் 14, ஒஹையோ. ஹார்டிங்–சேம்பர்லின் 345 கே.வி. லைன் ஒரு மரத்தைத் தொட்டு டிரிப் ஆனது (தானாகத் துண்டிக்கப்பட்டது). அப்போது அதில் ஓடியது அதன் வரம்பில் சுமார் 44 சதவீதம். வரம்புக்குள்தான் இருந்தது, மரம்தான் வளர்ந்து மேலே வந்திருந்தது. அடுத்தடுத்து இன்னும் இரண்டு லைன்கள் அப்படியே மரத்தில் பட்டன, அவையும் வரம்பைத் தாண்டவில்லை. கடைசியில் ஐந்து கோடி மக்களுக்கு மின்சாரம் இல்லை. ஐயா கிளாம்பைப் பற்றிச் சொன்னதை இங்கே மரத்துக்குச் சொல்லலாம். கம்பியின் சூட்டை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும், கீழே மரம் வெட்டாமல் இருந்தால் பயனில்லை. அதே சமயம், தொய்வையும் இடைவெளியையும் நேரடியாக அளக்கும் கருவி அந்த ஸ்பானில் இருந்திருந்தால் முன்னமே எச்சரித்திருக்க வாய்ப்பு உண்டு.

2012 ஜூலை 30 அதிகாலை நடந்தது வேறு. பினா–குவாலியர் 400 கே.வி. லைன் டிரிப் ஆனது, கம்பி உருகியதாலோ தொய்ந்ததாலோ அல்ல. லோடு அதிகமாகி மின்னழுத்தம் இறங்கியதில், லைனைக் கண்காணிக்கும் பாதுகாப்பு ரிலே அதைத் தூரத்தில் நடந்த ஃபால்ட் (பழுது) என்று புரிந்துகொண்டு லைனை வெட்டிவிட்டது. நீளமான லைன்களில் சூட்டு வரம்பு வருவதற்கு முன்பே மின்னழுத்தமும் நிலைப்புத்தன்மையும் கையைப் பிடித்துவிடும். 200, 300 கிலோமீட்டர் லைனுக்கு டி.எல்.ஆர். மாட்டிப் பெரிய பலன் கிடையாது. எண்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் குட்டை லைன்களில்தான் சூடு உண்மையான வரம்பு. காற்றாலைகளை அடுத்துள்ள 110, 230 கே.வி. லைன்கள் பெரும்பாலும் அந்த வகைதான்.

ரிலே விஷயத்தைச் செமினாரில் விட்டுவிடாதீர்கள். வரம்பை உயர்த்தினால் ரிலே செட்டிங்கையும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பழைய வரம்புக்கு வைத்த ரிலே, புதிய வரம்பில் ஓடும் லோடைக் கண்டு லைனை வெட்டினால் பிரச்சினை பெரிதாகும்.


மன்னார்த்தீவு · ஜூலை 22, காலை 10.10

மன்னாரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தீவில் தம்பபவனி காற்றாலை 103.5 மெகாவாட், முப்பது சுழலிகள். இங்கேயும் தென்மேற்குப் பருவத்தில் கம்பிகள் இரவு முழுக்க ஊளையிடும். எங்களுக்கும் இந்த முறை உதவுமா?


கணக்குமேசை · ஜூலை 22, காலை 11.00

அது 220 கே.வி. இணைப்பு. அந்த அழுத்தத்தில் 100 மெகாவாட் பெரிய சுமை அல்ல, சூட்டு வரம்பின் பக்கமே போகாது. காற்றாலைகள் கூடி லைன் நிறையும் நாளில் கேட்க வேண்டிய கேள்வி. கம்பி ஊளையிடுகிறது என்றீர்களே, காற்று குறுக்கே வீசினால்தான் அந்தச் சத்தம் நன்றாக வரும். அது நல்ல அறிகுறி.


ஆரல்காற்று · ஜூலை 22, இரவு 8.35

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக ஒரு வேலை செய்தேன். எங்கள் லைன் போகும் வழியை மேப்பில் வைத்து, ஒவ்வொரு ஆங்கிள் டவரிலும் திசை எப்படி மாறுகிறது என்று குறித்தேன். முதல் ஆறு கிலோமீட்டர் வடகிழக்கே, மேற்குக் காற்று சாய்வாக விழும். அடுத்து ஒரு பதினோரு கிலோமீட்டர் ஏறக்குறைய நேர் கிழக்கே. ஐயா சொன்ன 'தடவிக்கொண்டு ஓடும்' இடம் அதுதான். நான் நினைத்த கொள்ளளவு அங்கே இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்த இடத்திலும் காற்று நேர்கோட்டில் வருவதில்லை, பத்திருபது பாகை இப்படியும் அப்படியும் திரும்பிக்கொண்டேதான் இருக்கும். அதை ஊகிப்பதைவிட அளந்துவிடலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களை நிறுத்தச் சொல்வது எல்லா நாளும் லைனுக்காக இல்லை. இரவில் மாநிலம் முழுக்கத் தேவை இறங்கிவிடும், காற்று இறங்காது. அப்போது வாங்க ஆள் இல்லாமல் நிறுத்துகிறார்கள். அதற்கு டி.எல்.ஆர். மருந்து இல்லை, சேமிப்பு வேண்டும், அண்டை மாநிலத்துக்கு அனுப்ப வழி வேண்டும். என் டைரியில் இந்த சீசனுக்கு இரண்டையும் தனித்தனியாக எழுத ஆரம்பித்திருக்கிறேன். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் அப்படி எழுதி வைத்தால், கேட்கும்போது கையில் கணக்கு இருக்கும்.

சோலார்காரர்களுக்கு இதில் பலன் குறைவு என்பதும் புரிகிறது. அவர்கள் உற்பத்தி உச்சத்தில் இருக்கும் நேரம், கம்பிக்கும் வெயில் உச்சத்தில் இருக்கும் நேரம்.


சஸ்குவெஹன்னா கரை · ஜூலை 22, இரவு 10.20

அளந்து எழுதி வைப்பது மிகச் சரியான தொடக்கம். இங்கேயும் முதலில் பல மாதம் கருவி சொல்வதைச் சும்மா பதிவு மட்டும் செய்வார்கள். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்கு அந்த எண் மேல் நம்பிக்கை வர வேண்டும்.

அவருக்கு இன்னொரு பயம் உண்டு. 'இப்போது 900 என்கிறாய், பத்து நிமிடத்தில் காற்று நின்றால்?' நியாயமான பயம். கம்பி உடனே சூடேறிவிடாது. மூஸ் மாதிரித் தடித்த கம்பி புது நிலைக்குப் பெரும்பாலும் வந்து சேர, காற்றைப் பொறுத்துப் பத்து முதல் பதினேழு நிமிடம் வரை ஆகும். அதனால் ஒரு நொடிக் காற்றும் ஒரு நொடி அமைதியும் கணக்கில்லை. இந்தியாவில் மின்சாரத்தை 15 நிமிட பிளாக்குகளாகத்தானே திட்டமிடுகிறீர்கள்? கம்பியின் சுபாவத்துக்கும் அது பொருந்துகிறது. ஒரு பிளாக்குக்கு ஒரு வரம்பு, அடுத்த சில பிளாக்குகளுக்கு முன்கணிப்பு, முன்கணிப்பைப் பாதுகாப்புக்காகத் தாராளமாகக் குறைத்து வைப்பது. காற்று இறங்கினால் உங்கள் மெஷின்களின் உற்பத்தியும் கூடவே இறங்கும். காற்றாலை லைனுக்கு இருக்கும் இயற்கையான பாதுகாப்பு அது. ஆனால் அந்த லைனில் வேறு இடத்து மின்சாரமும் கலந்து ஓடினால் அந்தப் பாதுகாப்பைப் பாதிதான் நம்பலாம்.

இழப்பையும் மறக்க வேண்டாம். மின்னோட்டம் ஒன்றரை மடங்கானால் கம்பியில் வீணாகும் மின்சாரம் இரண்டேகால் மடங்கு. புது லைன் வரும்வரை, அல்லது கம்பியை மாற்றும்வரை, காற்று நாட்களைக் காப்பாற்றிக்கொள்ள இது வழி. புது லைனே வேண்டாம் என்று யாரும் இதைக் காட்டி முடிவெடுத்தால் நான் எதிர்ப்பேன்.


பழைய ஏ.இ. · ஜூலை 23, காலை 6.05

தம்பி மேப்பில் குறித்ததைப் படித்தேன். அந்தப் பதினோரு கிலோமீட்டரில் எனக்குத் தெரிந்த ஸ்பான் ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு குளத்தங்கரையைத் தாண்டி, புளியமரங்கள் வரிசையாக நிற்கும் இடம். மேற்கே ஒரு சின்னக் குன்று. லைனுக்குக் கீழே மரம் கிடையாது, ஒழுங்காக வெட்டி வைத்திருப்போம். இரண்டு பக்கமும் நிற்கும் மரங்களே போதும், காற்று மேலே தாவிப் போய்விடும்.

ஆடி மாதம் லைன் பார்க்க நடந்து போவோம். காலையிலிருந்து பொட்டலில் நடந்தால் கண்ணெல்லாம் மண். கண்ணுக்கெட்டிய தூரத்தில் மெஷின்கள் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். எங்கள் ஆட்கள் அந்த ஸ்பானுக்கு வந்ததும்தான் உட்காருவார்கள். மற்ற இடத்தில் பீடி பற்றவைக்க நான்கைந்து குச்சி வீணாகும், அங்கே ஒரே குச்சி போதும். சுடர் நேராக நிற்கும்.

முதல் கருவியை அந்த ஸ்பானில் மாட்டச் சொல்லிக் கேளுங்கள். அங்கே கிடைக்கும் எண்தான் உங்கள் லைனின் எண். அதுவும் அட்டவணையைவிடக் கூடுதலாக வந்தால், நானே கூட வந்து பேசுகிறேன். டவர் எண் பழைய நோட்டில் இருக்கும், தேடித் தனிமடலில் அனுப்புகிறேன்.